மூன்றாவது சுற்றில் கோரி

முழங்கை வலிக்கிறது என்று கோரி முதலில் சொன்னது அப்பாவிடம்தான்.

இறைச்சி தொடாத தவக்கால வெள்ளிக்கிழமை அது. கிளீவ்லாந்தை ஒட்டிய பார்மாவில் பாதி ஊர் சர்ச் கூடத்தில் பொரித்த மீனுக்கு வரிசையில் நின்றது. லென் ஹ்ருஸ்காவும் நின்றார். பேருந்துப் பணிமனையிலிருந்து நேராக வந்திருந்ததால் கையில் கிரீஸ் வாடை இன்னும் போகவில்லை. போனில் மகன் பெயரைப் பார்த்ததும், முன்னால் நின்ற கிழவியிடம் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். வண்டிகள் நிறுத்தும் இடத்தின் ஓரமெல்லாம் கறுத்த பனி குவிந்து கிடந்தது.

"அப்பா, அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"உள்ள டேபிள் பிடிச்சு உக்காந்திருக்கா. என்னடா?"

"கை சரியில்லப்பா. மூணு நாளா. பந்தை விடும்போது முழங்கைக்கு உள்பக்கம் சுள்ளுனு இழுக்குது."

கோரிக்கு இருபத்தெட்டு வயது. பேஸ்பாலில் பந்து வீசுவதைத் தவிர வேறொன்றும் அவன் படிக்கவில்லை. ஒன்பது வருஷமாகக் கீழ்நிலை அணிகளில், ஊர் ஊராகப் பேருந்தில் போய், மலிவான விடுதிகளில் இரண்டிரண்டு பேராகப் படுத்து, காத்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயதில் அதே முழங்கையில் தசைநார் கிழிந்து, தைத்து, ஒரு வருஷம் முழுக்க வீட்டில் கிடந்தான். இந்த வருஷம்தான் சொந்த ஊர் கிளீவ்லாந்து அணியே அரிசோனாவில் நடக்கும் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டிருந்தது. கடைசி வீச்சாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. அதற்குப் போட்டி இரண்டே பேர். ஒருவன் கோரி.

"டிரெய்னர்கிட்ட சொல்லட்டுமா?" என்றான் கோரி.

"போன தடவை கிழிஞ்சப்ப இருந்த மாதிரியா இருக்கு?"

"அப்படி இல்ல... தெரியலப்பா."

"அப்ப அது இல்ல. இங்க பாரு, இப்ப சொன்னேன்னு வை, நாளைக்கே பெட்டியக் கட்டச் சொல்லிருவாங்க. இந்த வயசுல இன்னொரு தடவ எவனும் கூப்பிட மாட்டான். பட்டியல் வரட்டும். முதல்ல பேரு ஏறட்டும். அப்புறம் வலிக்குதுன்னு சொல்லு. அப்ப வச்சுப் பாத்துக்கறது அவங்க பொறுப்பு."

அது பொய்யில்லை. அந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த கணக்குதான்.

"சரிப்பா. நீங்க சொன்னா சரி."

லென் மீன் தட்டுகளோடு மேஜைக்குப் போனார். மனைவி மார்சி பியரோகிக் கொழுக்கட்டையை இரண்டாக வெட்டி அவர் தட்டில் பாதியை வைத்தாள்.

"யாரு போன்ல?"

"பணிமனையிலேருந்து," என்றார் லென்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலப்கா பாரின் பின்கட்டில் ஆள் பொறுக்கும் நாள். கோரி மூன்றாம் வகுப்பில் படித்தபோது ஆரம்பித்த லீக் அது. பன்னிரண்டு பேர், பெரும்பாலும் பணிமனை ஆட்கள். நிஜ ஆட்டக்காரர்களைச் சுற்று முறையில் ஆளாளுக்குப் பொறுக்கித் தனக்கென்று ஓர் அணி கட்டிக்கொள்வார்கள். கோடை முழுக்க அந்த ஆட்டக்காரர்கள் எங்கே அடித்தாலும், எங்கே வீசினாலும், புள்ளி இவர்களுக்கு. மனைவிமார் இதைப் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். அதை இவர்களும் மறுத்ததில்லை.

பொறுக்குவதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. ஒவ்வொருவரும் எழுந்து, சொந்த ஊர் அணி இந்த வருஷம் என்ன கிழிக்கப்போகிறது என்று ஆரூடம் சொல்ல வேண்டும். லென் வருஷா வருஷம் கோப்பை நமக்குத்தான் என்பார். வருஷா வருஷம் சிரிப்பார்கள். இந்த முறை அவர் எழுந்தபோதே மேஜையைத் தட்டினார்கள்.

"தொண்ணூத்திரண்டு ஆட்டம் ஜெயிப்போம். கடைசி வீச்சாளர் யாருன்னு நான் சொல்லணுமா?"

"சொல்ல வேணாம், சொல்ல வேணாம்!" என்று கத்தினார் விக் டமாஸ்கோ. லீக்கின் கம்ப்யூட்டரைக் கையாள்பவர் அவர். வாய் மூடியதே கிடையாது. "இன்னிக்கு ஆட்டத்துல பையன் டிவியில வந்தான்னா பீரு பூரா உன் தலையில!"

கடைசியாக டுவேன் பெட்ரிக் எழுந்தார். ஊர் கிளப்பில் இருபது வருஷம் கேட்சராக வீச்சாளர்களின் பந்தைப் பிடித்தவர். இரண்டு கட்டை விரலும் கோணியிருக்கும். கோரிக்குப் பன்னிரண்டு வயதானதிலிருந்து, லென் வீட்டுப் பின்புறம் குந்தி உட்கார்ந்து அவன் எறிந்த ஒவ்வொரு பந்தையும் பிடித்தவர் அவர்தான்.

"எழுபத்தெட்டு," என்றார். "கோரி பட்டியல்ல இருக்க மாட்டான்."

யாரோ ஊளையிட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்.

"போன வாரம் ஆட்டத்துல பாத்தேன். கை கீழ இறங்கி வருது. வலியில இருக்கிறவன் வீசற மாதிரி வீசறான். அவன் இப்ப பந்தையே தொடக் கூடாது."

டுவேன் இதையெல்லாம் லென்னைப் பார்த்தே சொன்னார். லென் பீர் புட்டியின் காகிதத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

பொறுக்கல் ஆரம்பித்தது. முதல் இரண்டு சுற்றில் பெரிய தலைகள் போயின. மூன்றாவது சுற்றில் லென்னின் முறை வந்தது. நல்ல அடிக்காரர்கள் இன்னும் பத்துப் பேர் மீதமிருந்தார்கள்.

"கோரி ஹ்ருஸ்கா," என்றார் லென்.

அறை வெடித்துச் சிரித்தது. விக் நாற்காலியிலிருந்து சரிந்தே விட்டார். "டேய், பெரிய ஆட்டம் ஒண்ணுகூட ஆடாதவன்டா! கடைசி சுத்துல எடுத்தாலும் எவனும் போட்டிக்கு வரமாட்டான்."

"எனக்கு இப்ப வேணும். ஏத்து."

சிரிப்பு அடங்கியது. விக் பெயரை ஏற்றினார். சுவரில் இருந்த பெரிய திரையில் அது வந்து உட்கார்ந்தது. டுவேன் எழுந்து லென்னின் தோளைத் தொட்டு, வெளியே வா என்று தலையசைத்தார்.

வெளியே காற்று காதைக் கடித்தது. டுவேன் கோட்டுப் பொத்தானைக்கூடப் போடவில்லை.

"பையன் நேத்து எனக்கு போன் பண்ணினான் லென்."

"பண்ணட்டும்."

"எல்லாம் சொன்னான். ஸ்கேன் எடுடான்னேன். அப்பா பொறுத்துக்கச் சொல்றாருன்னான். நான் சொல்லி அவன் கேக்க மாட்டான், நீ சொன்னாத்தான் கேப்பான். ஆட்டத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. இப்பவே கூப்பிடு. ஏதாவது வயித்த வலின்னு சொல்லிட்டு உக்காரச் சொல்லு."

"இன்னும் ஒரே வாரம். பட்டியல் வந்துரும்."

"ஒரு வாரம் தாங்காதுடா அது."

"நீ டாக்டரா?"

"நான் அவன் பந்தைப் பிடிச்சவன்."

லென்னுக்குச் சுருக்கென்றது. இரண்டு நாளாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் கோபமாகத் திரண்டு வாய்க்கு வந்தது.

"உன் பையன் கூரை மேல ஏறி ஆணி அடிக்கிறான். என் பையன் டிவியில வரப்போறான். அதான் உனக்கு எரியுது. இத்தன வருஷமா எரிஞ்சுட்டுத்தான் இருக்கு."

டுவேன் அவரையே பார்த்தார். பிறகு பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு தன் வண்டிக்குப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

லென் போனை எடுத்தார். கோரியின் பெயர் வரை வந்தார். இந்நேரம் கை கால் உதறி வார்ம்-அப் செய்துகொண்டிருப்பான், இப்போது போய்க் குழப்பக் கூடாது என்று நினைத்தார். அப்படி நினைக்க முடிந்தது அவருக்கு ஆறுதலாகவும் இருந்தது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அரிசோனாவில் வெயில் கொளுத்தியது. ஆறாவது இன்னிங்ஸில் கோரி பந்து வீசும் மேட்டுக்கு வந்தான். பொறுக்கலை நிறுத்திவிட்டு எல்லோரும் டிவிக்கு அடியில் கூடினார்கள். முதல் அடிக்காரன் மூன்று பந்தில் வெளியே போனான். பார் அதிர்ந்தது. இரண்டாமவன் தரையோடு அடித்துப் பாதி தூரம் ஓடுவதற்குள் அவுட். விக், லென்னின் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தார். லென் தொண்டை கிழியக் கத்தினார். டுவேன் எங்கே என்று ஒரு கணம் கதவைக்கூடப் பார்த்தார்.

மூன்றாமவனுக்கு இரண்டாவது பந்து. கோரி கையைச் சுழற்றினான். பந்து எங்கோ உயரப் போய் வலையில் மோதியது. கை சுழற்சியை முடிக்காமல் பாதியில் நின்றது. அவன் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முழங்காலிட்டான். நெற்றி மண்ணைத் தொட்டது. டிரெய்னர் ஓடிவந்தார். கேமரா கிட்டப் போனது. கோரி அழவில்லை. உதட்டைக் கடித்தபடி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான், யாரோ கேட்கும் கேள்விக்கு ஆமாம் ஆமாம் என்பது போல.

பொறுக்கலை நிறுத்தியதாக நினைத்திருந்தார்களே ஒழிய விக் கம்ப்யூட்டரை நிறுத்தவில்லை. சுவர்த் திரையில் கடிகாரம் ஓடி முடிந்து, லென்னுக்காக அதுவே எவனோ ஒரு ஆட்டக்காரனைப் பொறுக்கிப் போட்டு, மணி அடித்தது. விக் பாய்ந்துபோய் வயரைப் பிடுங்கினார்.

"லென்," என்றார், அவருக்கே பழக்கமில்லாத சின்னக் குரலில். "அந்த மூணாவது சுத்த வேணா மாத்திக்க. நாங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

"வேண்டாம்."

மார்சி போனில் கூப்பிட்டாள். வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

"லென், அவன் கை... போன் எடுக்க மாட்டேங்கறான். உன்கிட்ட முன்னாடி ஏதாச்சும் சொன்னானா? வலிக்குது அது இதுன்னு?"

"இல்ல," என்றார் லென்.

மறுநாள் மார்சி அரிசோனாவுக்குப் பறந்தாள். அறுவைச் சிகிச்சை முடியும்வரை அங்கேயே இருந்தாள். தைத்த இடத்திலேயே மறுபடி கிழிந்திருந்தது, அதோடு ஒரு நரம்பும் நசுங்கியிருந்தது. டாக்டர் எழுத வரும், ஸ்பூன் பிடிக்க வரும் என்றார். பந்தைப் பற்றி அவராக எதுவும் சொல்லவில்லை, கோரியும் கேட்கவில்லை.

லென் விமான நிலையத்துக்குப் போய் அவளை அழைத்துவந்தார். வண்டி நெடுஞ்சாலையில் ஏறியது.

"மீன் வாங்க நின்னப்ப வந்த போன் அவனோடதுதான்," என்றாள்.

"நல்லதுக்குத்தான் சொன்னேன் மார்சி. அவன் இடம் போயிரக் கூடாதுன்னுதான்."

"அது தெரியும். நானா இருந்தாக்கூட அப்படிச் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனா டிவியில அதப் பாத்துட்டு நான் உன்னக் கேட்டேன். இல்லன்னியே லென். கொஞ்சம்கூட யோசிக்காம இல்லன்னியே."

அவர் கண்களைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மே மாதம் அணி கோரியை விடுவித்தது. அவன் வீட்டுக்கு வந்து கீழ்த்தளத்தில் படுத்துக்கொண்டான். அப்பாவிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வான், குப்பையைக் கொண்டுபோய் வைப்பான். லென் திட்டுக்காகக் காத்திருந்தார். அது வரவே இல்லை. மாலையானால் கோரி காரை எடுத்துக்கொண்டு டுவேன் வீட்டுக்குப் போய்விடுவான். ஒருநாள் லென்னும் அந்தப் பக்கம் போய், வாசலில் வண்டியை நிறுத்தினார். டுவேன் வெளியே வந்து வண்டி ஜன்னலில் குனிந்தார்.

"உள்ள வா."

"அவன் இருக்கானா?"

"இருக்கான். அதுக்கென்ன, வா."

"அன்னிக்கு நான் பேசினது..."

"அத விடு. வா."

"இன்னொரு நாள் வர்றேன்," என்று லென் கியரைப் போட்டார். இன்னொரு நாள் போகவில்லை.

லீக் அது பாட்டுக்கு நடந்தது. லென் கோரியை அணியிலிருந்து எடுக்கவில்லை. காயம்பட்டவர்களுக்கான ஓரத்தில்கூடப் போடாமல், ஆடுகிறவர்கள் வரிசையிலேயே வைத்திருந்தார். வாரா வாரம் அந்த இடத்தில் பூஜ்யம் விழுந்தது. லென் கடைசி இடத்துக்குப் போனார். யாரும் கிண்டல் செய்யவில்லை. விக் கூட.

ஜூலையில் ஒரு காலை, லென் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கோரி மேலே வந்தான். வலது கை பட்டையில் தொங்கியது. இடது கையால் தன் போனை மேஜைமேல் வைத்து அவர் பக்கம் தள்ளினான். திரையில் லென்னின் அணி இருந்தது.

"என் பேர எடுத்துருங்கப்பா."

"இருக்கட்டும்டா. எனக்கு அதுல ஒண்ணும் நஷ்டமில்ல."

"எனக்கு இருக்கு."

லென் நிமிர்ந்து பார்த்தார்.

"லீக் பக்கத்த யாரு வேணா பாக்கலாம்ப்பா, கூட ஆடின பசங்க இதப் படம் பிடிச்சு அனுப்பறாங்க. அப்பா பாசத்தப் பாருன்னு. தினம் காலையில கண்ண முழிச்சதும் என் பேரும் ஒரு சைபரும். நீங்க என்னைப் பிடிச்சு வச்சிருக்கிறதா நினைக்கிறீங்க. அன்னிக்கும் இப்படிப் பிடிச்சு வச்சதாலதான்ப்பா இதெல்லாம் ஆச்சு."

குரல் உயரவே இல்லை. லென் தன் போனை எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். நீக்கு என்ற இடத்தை அழுத்தினார். நிச்சயமாகவா என்று அது கேட்டது. மறுபடியும் அழுத்தினார்.

"போயிருச்சு," என்றார்.

"சரி," என்று கோரி கீழே இறங்கிப் போனான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற பொதுக் கிடங்கில் அவன் பெயர் சீசன் முடியும்வரை கிடந்தது.

அக்டோபரில் அக்ரன் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் அவனுக்கு வேலை கிடைத்தது. கணினி முன்னால் உட்கார்ந்து லாரிகளை உள்ளே விடும் வேலை. வாடகை வண்டியில் சாமான் ஏற்றியது முழுக்க லென்தான். மெத்தை, அலமாரி, மார்சி கொடுத்த பாத்திரங்கள் எல்லாவற்றையும் அவரே தூக்கினார். இடையில் ஒருமுறை கோரி பழக்கத்தில் ஒரு பெட்டிக்கு வலது கையை நீட்டிவிட்டு, முகம் வெளுத்து, பின்வாங்கிக்கொண்டான். இருவரும் அதைக் கவனிக்காதது போல இருந்தார்கள்.

கதவைச் சாத்தியதும் கோரி இடது கையை நீட்டினான். லென் குழம்பி, தன் இடது கையைக் கொடுத்தார்.

"ரொம்ப தேங்க்ஸ்," என்றான், கூலிக்கு வந்து ஏற்றிக்கொடுத்த ஆளிடம் சொல்வது போல, மரியாதையாக.

வீடு ஒழுங்கு பண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மார்சியும் வண்டியில் ஏறிக்கொண்டாள். எத்தனை நாள் என்று லென் கேட்கவில்லை. வண்டி தெரு முனையில் திரும்பும்வரை நின்றார். பிறகு உள்ளே போய், கீழ்த்தளத்து விளக்கை அணைத்தார்.