இல்லை என்று ஒரு கோடு

எங்கள் கிளினிக்கில் கத்தி கிடையாது, ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. வெறும் கைதான். ஆஸ்பத்திரிக்கு நடந்து நடந்து அலுத்தவர்கள்தான் எங்களிடம் வருவார்கள். பலகையில் ‘கைரோபிராக்டிக் நிபுணர்’ என்று எழுதியிருக்கும். அது யார் வாயிலும் நுழையாததால் எல்லோருக்கும் அவர் சொடக்கு சார். முதுகெலும்பைப் பிடித்து, அழுத்தி, ஒரு திருப்பு திருப்புவார். சொடக்கு விழும். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவர் சிரித்துக்கொண்டு போவார். ஆறு வருடமாக வாசல் மேசையில் உட்கார்ந்து இதைப் பார்ப்பவள் சும்மா இருப்பேனா? வீட்டில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் அளந்து விட்டிருந்தேன்.

அதை நம்பித்தான் என் அண்ணன் வந்தான். பஸ் ஓட்டுபவன். ஐந்து நாளாகக் கழுத்து வலி. ஆஸ்பத்திரி என்றாலே அவனுக்கு ஆகாது. உள்ளே போனால் எதையாவது அறுக்காமல் வெளியே விடமாட்டார்கள் என்பான். எங்கள் சாரிடம் பத்தே நிமிடம் என்று சொல்லி நான்தான் வரவழைத்தேன்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்களிடம் பதினெட்டுக் கேள்வி கேட்டு நான் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். தலை சுற்றுகிறதா, பார்வை இரண்டாகத் தெரிகிறதா, நாக்கு குழறுகிறதா என்று போகும். பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். முதல் வருடம் ஒழுங்காகத்தான் கேட்டேன். இடுப்பு வலிக்கு வந்தவனிடம் கண்ணைப் பற்றி என்ன கேள்வி என்று ஒருவர் எரிந்து விழுந்தார். அன்றோடு பெயர், வயது, எங்கே வலி என்று மூன்றோடு நிறுத்திக்கொண்டு, ‘இல்லை’ கட்டங்களின் மேல் உச்சியிலிருந்து அடிவரை ஒரே கோடாக இழுக்கத் தொடங்கினேன்.

சார் அந்தத் தாளைப் படித்துவிட்டுத்தான் கை வைப்பார். தலைசுற்றல் என்று ஒரு ‘ஆம்’ இருந்தால் போதும், தொடமாட்டார். நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கோடு போட்டேன். அண்ணனுக்கோ, வந்ததும் உள்ளே போகட்டும் என்று அவன் வந்து சேர்வதற்கு முன்பே போட்டு வைத்துவிட்டேன்.

அவன் உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் முதல் சொடக்கு கேட்டது. இடுப்பு. அப்புறம் இரண்டாவது. முதுகு. சார் எப்போதும் கீழிருந்து மேலேதான் போவார். கழுத்து கடைசி.

அப்போதுதான் அண்ணி போன் செய்தாள்.

“டாக்டர்கிட்ட எல்லாம் சொல்லிட்டல்ல?” என்றாள். “காலையில எதிர்ல வர்ற வண்டியெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுன்னாரு. தலையும் சுத்துதாம். பஸ்ஸை எடுக்காமலே டிப்போவில விட்டுட்டு வந்துட்டாரு.”

போனை வைத்தேனா, கீழே போட்டேனா என்று நினைவில்லை. கதவுக்கு நாலு எட்டு. ஓடிப்போய்த் தட்டக் கையை ஓங்கிவிட்டு அப்படியே நின்றேன். சிவப்பு விளக்கு எரியும்போது தட்டக் கூடாது. கழுத்து கையில் இருக்கும் நேரம் படுத்திருப்பவர் திடுக்கிட்டால் ஆபத்து என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சார் சொல்லியிருக்கிறார். தட்டினாலும் போச்சு, தட்டாவிட்டாலும் போச்சு. கதவில் காதை வைத்தேன். “மூச்சை மெதுவா விடுங்க” என்று சார் சொல்வது கேட்டது. அதற்கு அடுத்தது மூன்றாவது சொடக்குதான். அந்த நேரத்திலும் என் வேலை போய்விடுமே என்ற நினைப்பு வந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் வந்தது.

கைப்பிடியைச் சத்தம் வராமல் அழுத்தித் திறந்தேன். அண்ணன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். அவன் தலை சாரின் இரண்டு கைகளிலும் இருந்தது. இடது பக்கம் பாதி திருப்பியாகிவிட்டது.

“சார், கையை எடுத்துடுங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

அவர் பதறவில்லை. தூங்கும் குழந்தையைக் கீழே விடுவதுபோல் அந்தத் தலையை மெல்ல நேராக்கித் தலையணையில் வைத்தார். அண்ணி சொன்னதைச் சொன்னேன். அவர் படிவத்தை எடுத்துப் பார்த்தார்.

“எல்லாம் இல்லைன்னு இருக்கே. நீ கேட்டியாம்மா?”

“கேக்கல சார்.”

அண்ணன் கண்ணைத் திறந்தான். அதெல்லாம் ஒன்றுமில்லை, நீங்கள் செய்யுங்கள் என்று சாரிடம் சொல்ல வந்தான். சொல் முழுதாக வரவில்லை; நாக்கு குழறியது. படிவத்தில் அது ஏழாவது கேள்வி.

ஆம்புலன்ஸ் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. எந்த ஆஸ்பத்திரிக்குப் பயந்தானோ அங்கேயேதான். சாயங்காலம் அண்ணி பேசினாள். கழுத்துக்குள் ரத்தக் குழாய் கிழிந்திருக்கிறதாம், நேரத்தோடு வந்ததால் பிழைத்துக்கொள்வாராம். கழுத்தை ஒரு தடவை திருகியிருந்தால் என்று டாக்டர் சொன்னதை ஆரம்பித்தவள், முடிக்காமல் அழுதாள். நானும் அழுதேன். என் தாளைப் பற்றி அவளிடம் வாய் திறக்கவில்லை.

சார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பைல்கள் அடுக்கிய அலமாரியின் முன் நின்றுகொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“இதுல எத்தனை பேருக்கு இப்படிக் கோடு போட்டே?”

ஐந்து வருடத்துப் படிவங்கள் அங்கே இருந்தன. எண்ண வேண்டிய அவசியமே இல்லை.

ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேள் என்று சொல்லிவிட்டு, அவரும் பாதிப் படிவங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் மேலே இருந்த தாளிலிருந்து தொடங்கினேன். இன்று காலை பத்து மணிக்கு வந்த தையல்காரம்மா. கழுத்து வலி. சார் இரண்டு பக்கமும் திருப்பினார், இரண்டு சொடக்கும் எனக்கு இங்கே வரை கேட்டது. லேசாகக் கிறுகிறுவென்று இருக்கிறது என்று போகும்போது என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் தடவை அப்படித்தான் இருக்கும் அக்கா என்று சொல்லி அனுப்பி வைத்தேன்.

அவள் எண்ணைப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. இது நாலாவது தடவை.