தரிசிலும் காய்க்கும்

வளையல் தட்டை விஜயலக்ஷ்மியின் கையிலிருந்து மாமியார் காமாக்ஷி வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டாள் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான், பிடுங்கினாள். கூடத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்கள்.

“நீ உள்ள போய்ப் பாயசத்தைக் கிளறு. அடிப்பிடிக்கப் போறது.”

“பாயசம் ஆயிடுத்தும்மா. இறக்கி வெச்சாச்சு.”

“ஆனா என்ன, போய்ப் பக்கத்துல நில்லு.”

மணையில் உட்கார்ந்திருந்தவள் ஜ்யோத்ஸ்னா, காமாக்ஷியின் பெண். டில்லியிலேயே பிறந்து வளர்ந்து, மயூர் விஹாருக்கு வாழ்க்கைப்பட்டவள். ஏழாம் மாதம். வளைகாப்புக்காகத் தாய்வீட்டுக்கு, கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்புக்கு, வந்திருந்தாள்.

“அம்மா, மன்னியும் போடட்டுமே. க்யா ஃபரக் பட்தா ஹை, என்ன ஆயிடும்?” என்றாள் பாவம்.

“சும்மா இருடீ. நல்ல நாளும் அதுவுமா.”

அந்தக் கண்ணாடி வளையல்களுக்காக இரண்டு நாள் சரோஜினி நகர் மார்க்கெட்டில் அலைந்தவள் விஜயலக்ஷ்மிதான். பச்சையும் சிவப்புமாகப் பொறுக்கி, கீறல் விட்டவற்றைத் தள்ளி, கடைக்காரனோடு ‘பையா, பையா’ என்று மன்றாடி வாங்கி வந்தாள். வாங்கலாம், தூக்கி வரலாம், தட்டில் அடுக்கலாம். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகியும் பிள்ளை பெறாதவள், அதைக் கர்ப்பிணியின் கையில் மட்டும் போடக் கூடாது. எந்த சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் எல்லாரும் கடைப்பிடிப்பார்கள்.

அவள் சமையலறையில் போய் நின்றாள். காமாக்ஷி பக்கத்து வீட்டு மாமியிடம் சொன்னது சுவரைத் தாண்டி நன்றாகவே கேட்டது.

“என்ன போட்டு என்ன? தரிசுல எதுவும் முளைக்கறதில்ல.”

வாசல் பக்கத்து அறையில் ஆண்களோடு உட்கார்ந்திருந்த சேஷன் காதிலும் அது விழுந்தது. சேஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் காலனியில் சீட்டு, பாலிசி, ஃபிக்ஸட் டெபாசிட் என்று ஏதாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வருகிற மனிதர். கெட்டவர் இல்லை, காதில் விழுந்ததை முதலில் நம்பிவிடுவார், பிறகு விற்பார்.

“அப்படிச் சொல்லாதீங்கோ மாமி. தரிசுலயும் காய்க்கும். அதுக்குன்னே ஒண்ணு வந்திருக்கு” என்றார் கூடத்தை எட்டிப் பார்த்து.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் நிஜமாகவே நிலத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

“தரிசுன்னா?” என்று கேட்டான் வைத்தி. விஜயலக்ஷ்மியின் கணவன். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீஸர். தமிழ் பேசுவான், படிக்க வராது.

“பஞ்ஜர் ஜமீன்பா. ஒண்ணுக்கும் உதவாத நிலம்.”

“அச்சா, பஞ்ஜர்.”

“ஜட்ரோஃபான்னு பேரு. நம்ம ஊர்ல காட்டாமணக்கும்பா. ஆடு கூட வாய் வெக்காது. அதோட விதையை ஆட்டினா எண்ணெய், அந்த எண்ணெய்ல பயோடீசல். லாரி ஓடும், ரயிலே ஓடும். ‘ஹரித் தாரா’ன்னு ஒரு கம்பெனி மத்தியப் பிரதேசத்துல தரிசு நிலமாப் பாத்துக் குத்தகைக்கு எடுத்து, அதுல போடறா. இப்ப பங்கு வாங்கினா மூணாம் வருஷத்துலேர்ந்து காய்ப்பு, அப்பறம் காலத்துக்கும் வருமானம்.”

“வேலியோரச் செடிக்கு வந்த வாழ்வைப் பாரேன்” என்றாள் காமாக்ஷி. ஆனால் காது அங்கேயே இருந்தது.

இப்படித்தான் காட்டாமணக்கு அந்த வீட்டுக்குள் வந்தது.

அந்த வாரமே விஜயலக்ஷ்மி கணவனிடம் ஒரு பேச்சை எடுத்தாள். புதிய பேச்சு இல்லை. கரோல் பாக்கில் ஒரு பஞ்சாபி டாக்டரம்மாவிடம் அவள் தனியாகப் போய்வந்துகொண்டிருந்தாள். ரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள், மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அவளிடம் ஒரு கோளாறும் இல்லை. அடுத்த தடவை புருஷனை அழைத்து வா, அவரையும் ஒரு பரிசோதனை செய்து பார்த்துவிட்டு வைத்தியத்தைத் தொடங்கலாம், செலவாகும் என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

“செலவைப் பத்திக் கவலைப்படாதீங்கோ. அப்பா போட்ட ஒட்டியாணமும் காசுமாலையும் லாக்கர்ல சும்மாதானே கிடக்கு? அதை வித்துடலாம். நீங்க ஒரே ஒரு தரம் கூட வாங்கோ.”

“நான் எதுக்கு? எங்க ஃபேமிலில யாருக்கும் இந்த ப்ராப்ளம் கிடையாது.”

“இல்லேன்னே அவாளும் சொல்லட்டுமே.”

வைத்தி டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டான். அடிக்கிறவன் இல்லை, கத்துகிறவனும் இல்லை. நல்ல மனுஷன் என்று காலனியில் பெயர். அந்த நல்ல மனுஷனுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் குப்பியைக் கையில் வாங்குவதை நினைத்தாலே உடம்பு கூசியது. மறுநாள் சாப்பிடும்போது வேறு வழியில் வந்தான்.

“நகையை வித்து வைத்தியம் பண்ணினா காலியாயிடும். சேஷன் மாமா சொல்றதுல போடுவோம். மூணே வருஷம். அந்தப் பணத்துல பெரிய ஆஸ்பத்திரிக்கே போகலாம். நானும் வரேன். பக்கா.”

‘நானும் வரேன்’ என்ற அந்த ஒரு சொல்லுக்காக அவள் தலையை ஆட்டினாள். அப்போது அவளுக்கு முப்பத்தாறு முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மூன்று வருஷம் அவளுக்கு என்ன வருஷம் என்று அவனுக்குத் தெரியாதா? நாற்பதை நெருங்கினால் கஷ்டம் என்று டாக்டரம்மா எழுதியே கொடுத்திருந்தாள். தெரிந்துதான் சொன்னான்.

லாக்கர் திறந்தது, நகை போனது. பங்கு யார் பெயரில் என்ற கேள்வி வந்தபோது காமாக்ஷி யோசிக்கவே இல்லை.

“ஜ்யோத்ஸ்னா பேர்ல வாங்கு. பிள்ளைத்தாச்சி. அவளுக்குக் கைராசி.”

“நகை விஜியோடதும்மா” என்றான் வைத்தி, பெயருக்கு.

“யாரோடதா இருந்தா என்னடா? காய்க்கணுமா வேண்டாமா?”

பங்கு வாங்கியவர்களுக்கெல்லாம் கம்பெனி ஆளுக்கொரு காட்டாமணக்குக் கன்று கொடுத்தது. குவார்ட்டர்ஸின் பின்பக்கம், துணி உலர்த்தும் கம்பிக்கு அடியில் அதை நட்டார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜ்யோத்ஸ்னா முதல் தண்ணீர் ஊற்றினாள். பழக்கத்தில் விஜயலக்ஷ்மி மறுநாள் காலை ஒரு செம்போடு போனாள்.

“நீ தொடாதே” என்றாள் காமாக்ஷி. “தப்பா எடுத்துக்காதே. எல்லாத்துக்கும் ஒரு ராசி இருக்கு.”

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று அவள் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்தச் செடிக்குக் காமாக்ஷியே தண்ணீர் விட்டாள். அரிசி களைந்த நீர், வெள்ளிக்கிழமையில் ஒரு குங்குமப் பொட்டு. விஜயலக்ஷ்மி துணி உலர்த்தப் போனால் புடவை செடிமேல் படாமல் சுற்றிக்கொண்டு போகவேண்டும். ஜ்யோத்ஸ்னாவுக்குப் பிள்ளை பிறந்தது. நடந்தது. ‘மாமி’ என்று கூப்பிடக் கற்றுக்கொண்டது. அந்தக் குழந்தையைக்கூட அவள் நெடுநேரம் மடியில் வைத்திருந்தால், பால் குடிக்கும் வேளை என்று யாராவது வந்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

செடி வளர்ந்தது. இலை என்றால் அப்படி ஓர் இலை. டில்லிக் குளிரில் மொட்டையாகி, வெயில் ஏறினதும் மறுபடி தழைத்தது. காய் மட்டும் இல்லை. காமாக்ஷி அதைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அந்தச் செடிமேல் தன் கை பட்டதே இல்லை என்பது விஜயலக்ஷ்மிக்கு ஒரு சின்னத் திருப்தி. அந்தத் திருப்தியும் பாழாய்ப் போன திருப்திதான். அது காய்த்தால்தானே அவன் ஆஸ்பத்திரிக்கு வருவான்?

மூன்றாம் வருஷ முடிவில் அவள் தனியாகவே கரோல் பாக் போனாள். டாக்டரம்மா புதிதாக ரத்தம் எடுக்கச் சொல்லி, முடிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“பேட்டீ, பஹுத் தேர் கர் தீ.”

ரொம்பத் தாமதம் செய்துவிட்டாய் மகளே. செய்தது யார் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியாது. விஜயலக்ஷ்மி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வீடு வரைக்கும் அழுதாள். இறங்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொத்தமல்லி வாங்கிக்கொண்டு போனாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை; கேட்டவர்களும் இல்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேஷன் வந்தார். ஆள் இளைத்திருந்தார். தன் பென்ஷன் பணத்தையும் அதிலேயே போட்டிருந்தார் போலிருக்கிறது. செய்தி முன்பே பரவியிருந்ததால் காலனியில் பங்கு வாங்கிய இன்னும் நாலைந்து பேர், பக்கத்து வீட்டு மாமி உள்பட, பின்னாலேயே வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

“கம்பெனியை மூடறா” என்றார் சேஷன். “செடி எல்லாம் நன்னாத்தான் வளர்ந்திருக்கு. காய்ப்பு இல்ல. ஏக்கருக்கு ஏக்கர் வெறும் இலை.”

வைத்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காமாக்ஷிக்குத்தான் பொறுக்கவில்லை.

“நான் அப்பவே நினைச்சேன். தரிசுல கொண்டுபோய்ப் போட்டா எப்படிக் காய்க்கும்? மண்ணு சரியில்ல.”

சேஷனுக்குச் சுருக்கென்று வந்தது. யார் யாரோ திட்டிய களைப்பு.

“மண்ணு மேல பழி போடாதீங்கோ மாமி. மண்ணை எத்தனையோ தரம் டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சு. ஒரு குறையும் இல்ல. விதைதான் சரியில்ல. அதை ஒருத்தரும் டெஸ்ட் பண்ணவே இல்ல. நல்ல விதைதான்னு அவாளே நினைச்சுண்டுட்டா.”

காபித் தட்டோடு வந்த விஜயலக்ஷ்மி நடு அறையில் நின்றுவிட்டாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. தட்டை ஸ்டூலில் வைத்தாள்.

“மாமா, அதை இன்னொரு தரம் சொல்லுங்கோ. அம்மாவுக்குச் சரியாக் காது கேக்கல.”

காமாக்ஷிக்குக் காது பாம்புக் காது. சேஷன் ஒன்றும் புரியாமல், வயசானவள்தானே என்று குரலை உயர்த்திச் சொன்னார்.

“மண்ணுல குறை இல்ல மாமி. விதையை டெஸ்ட் பண்ணல்ல.”

பக்கத்து வீட்டு மாமி வைத்தியைப் பார்த்தாள், பிறகு சட்டென்று ஃபேனைப் பார்த்தாள். வைத்தியின் காது நுனி சிவந்தது. விஜயலக்ஷ்மி ஒவ்வொருவருக்காகக் காபி கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த அறையில் அவள் தலை நிமிர்ந்திருந்தது.

“சரி மாமா, இப்ப நல்ல விதையா வாங்கிப் போட்டா?” என்று கேட்டார் ஒருவர்.

“எங்க போடறது? குத்தகை முடிஞ்சு போச்சே. நிலமே இனிமே நம்மளது இல்ல.”

அதைக் கேட்க அவள் தயாராக இல்லை. காலி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எல்லாரும் போன பிறகு காமாக்ஷி பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். குரலில் பழைய காரம் இல்லை.

“விஜி, அந்தச் சனியனைப் பிடுங்கிப் போட்டுடு. இனிமே நீ தொடலாம்.”

“நான் தொடமாட்டேம்மா. கைராசி இருக்கறவாளைக் கூப்பிடுங்கோ.”

சொல்லிவிட்டு அரிசி களையத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து வைத்தி சமையலறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

“நாளைக்கு லீவ் போடறேன். டாக்டர்கிட்ட போகலாம். நானும் வரேன் விஜி.”

இந்தச் சொல்லைக் கேட்கத்தான் அவள் நகையைக் கழற்றிக் கொடுத்தாள். அவள் திரும்பவில்லை. களைந்த நீரைச் செடிக்கென்று காமாக்ஷி வைத்திருந்த வாளியில் ஊற்றாமல் தொட்டியிலேயே கொட்டினாள்.

“சேஷன் மாமா சொன்னது உங்களுக்கும் காது கேக்கலையா? குத்தகை முடிஞ்சு போச்சு” என்றாள்.