கெளுத்தி ஓட்டிய பஸ்

“இன்னைக்குத் தண்ணிக்கு அடியில ஒரு பஸ்ல போனேன். முழுசா அரை கிலோமீட்டர். ஓட்டினது ஒரு கெளுத்தி மீன்.”

ஈரத் துண்டை முண்டாசாகக் கட்டிக்கொண்டு, முக்குளிப்புச் சங்கத்தின் தகரக் கொட்டகையில் கண்டக்டர் இப்படி அறிவித்ததும் அங்கிருந்தவர்களில் பத்துப் பேர் கொல்லென்று சிரித்தார்கள். சிரித்த சிரிப்பில் கூரைத் தகரத்தில் இரண்டு ஆணி கழன்றுவிட்டதாக அவர் பிற்பாடு சொல்லிக்கொண்டார். சிரிக்காத ஒரே ஆள் அவருடைய சம்பந்தி. அவர் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, காலுறையைப் பிழிந்துகொண்டே கேட்டார்:

“டிக்கெட் எடுத்தீங்களா?”

சம்பந்தி ஓய்வுபெற்ற டிக்கெட் செக்கர். கண்டக்டர் ஓய்வுபெற்ற கண்டக்டர். பணியில் இருந்த முப்பது வருஷமும் ஒருவரையொருவர் முறைத்தே காலம் தள்ளியவர்கள். கண்டக்டர் பஸ்ஸில் செக்கர் ஏறினால் பயணிகள் பையைத் தேடுவதற்கு முன்பே கண்டக்டருக்கு வியர்க்கும். கடைசியில் இவர் மகளும் அவர் மகனும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு பேரையும் ஒரே குடும்பப் படத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டார்கள். முழங்கால் வலிக்கு நீச்சல் நல்லது என்று பிள்ளைகள்தான் சேர்த்துவிட்டார்கள். நீச்சல் குளத்தோடு நின்றிருக்கலாம். ஒருவர் ஆழத்துக்குப் போனால் இன்னொருவருக்குக் கரையில் இருப்புக் கொள்ளவில்லை. இப்போது சங்கத்தில் இருவரும் ஒரு ஜோடி.

சங்கம் முங்குவது அந்த மலையூருக்கு வெளியே தண்ணீர் நிரம்பிக் கிடக்கும் பழைய கல்குவாரியில். குளிர்காலத்தில்தான் அங்கே பாசி அடங்கித் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளியும். குளிரைப் பற்றிக் கேட்காதீர்கள். தன் வாயிலிருந்து போன காற்றுக் குமிழிகள் உறைந்து ஆலங்கட்டியாகத் தலையில் விழுந்தன என்று கண்டக்டர் போன வருஷமே சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு சரிவான மேடை. எஞ்சின், கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பயிற்சிக்காகச் சங்கமே ஒரு பழைய பஸ்ஸை அங்கே இறக்கி வைத்திருந்தது.

“சம்பந்தி, சத்தியமா சொல்றேன். டிரைவர் சீட்டுல மீசையை முறுக்கிக்கிட்டு ஒரு ஆள் உசரத்துக்குக் கெளுத்தி. நான் உள்ள பின்னாடி நின்னு, முதுகுல இருந்த காத்து சிலிண்டர்ல ரெண்டு தட்டு தட்டினேன். ரைட்! பஸ் கிளம்பிடுச்சு.”

“நானும் பக்கத்துலதானே இருந்தேன்?”

“நீங்க பஸ்ஸுக்கு வெளிய, பின்பக்கம், மாஸ்க்குல தண்ணி புகுந்து, கண்ணை மூடி ஊதிக்கிட்டு இருந்தீங்க.”

“கண்ணை மூடினேன். அதனால பாக்கல. பாக்காததுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

சிக்கல் அங்கேதான். ஒவ்வொரு முறை முங்கி எழுந்ததும் பதிவு நோட்டில் ஆழம், நேரம், கண்டது எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஜோடியாக முங்கியவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு ஒரு குளிர்காலத்தில் கையெழுத்தோடு நாலு முங்கல் இருந்தால்தான் அடுத்த குளிர்காலத்தில் தண்ணீரில் இடம். இல்லாவிட்டால் கரைதான்: வெந்நீர் போடுவது, துண்டு மடிப்பது. சளி பிடித்துப் பல ஞாயிறுகளைக் கோட்டை விட்டதில் கண்டக்டரிடம் இருந்தவை இரண்டே இரண்டு. இது மூன்றாவது. பெரியவர்களுக்கு நாளுக்கு ஒரு முங்கல்தான். மிச்சம் இருப்பதும் ஒரே ஒரு ஞாயிறு.

சங்கத் தலைவி ஒரு பல் டாக்டர். யார் வாயைத் திறந்தாலும் உள்ளே எட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். அவர் நோட்டை வாங்கிப் படித்தார்.

“சார், அந்த ஒரு வரியை மட்டும் அடிச்சிடுங்களேன். அவர் கையெழுத்துப் போட்டுடுவாரு.”

“அடிக்கமாட்டேன் டாக்டரம்மா.”

“உங்களுக்கு அடுத்த வருஷம் தண்ணி வேணாமா?”

வேண்டாமா! கரையில் கண்டக்டர் எழுபது வயதுக்காரர். படி ஏறினால் முழங்கால் கதவு மாதிரி கிரீச்சிடும். தண்ணீருக்குள் அவருக்கு எடை இல்லை, வலி இல்லை, வயசும் இல்லை. ஆனாலும் பேனாவை எடுக்கவில்லை.

வீட்டில் மனைவி கேட்டே விட்டாள். “ஏங்க, வாழ்நாள் பூரா அளந்து விட்டிருக்கீங்க. ஒண்ணே ஒண்ணை விட்டுக் கொடுத்தா என்ன?”

“அளந்து விட்டதையெல்லாம் விட்டுக் கொடுத்துடலாம்டி. இது நடந்தது. நடந்ததை எப்படி விடுறது?”

அவள் சூடாக ஒரு தம்ளர் பாலை அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் அவர் சம்பந்திக்குப் போன் போட்டார்.

“வர்ற ஞாயித்துக்கிழமை நீங்க வெளிய நிக்க வேணாம். உள்ள ஏறி உக்காருங்க. பயணியா.”

“நகரலைன்னா?”

“நகரலைன்னா அந்த வரியை நானே அடிக்கிறேன்.”

“மாஸ்க்கை இறுக்கிக் கட்டிக்கிட்டு வர்றேன்” என்றார் செக்கர்.

ஞாயிறு காலை கார்க் கண்ணாடியில் உறைபனி. டாக்டரம்மா எப்போதும்போல் புதியவர்கள் ஐந்து பேரை முதலில் பஸ்ஸுக்குள் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்துவிட்டு மேலே வந்தார். அதன் பிறகு இந்த ஜோடி இறங்கியது. கண்டக்டருக்குக் கையுறைக்குள் விரல் பத்தும் மரத்துப்போய், யாரோ இரவல் கொடுத்த விரல்கள் மாதிரி இருந்தன.

பஸ் இருந்தது. டிரைவர் சீட்டில் கெளுத்தியும் இருந்தது. ஆள் உசரம் இல்லை. ஒரு கை நீளம். குளிருக்கு அசையாமல், ஸ்டீயரிங்குக்குப் பின்னால், மீசையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஷிப்டு முடியக் காத்திருக்கும் ஆள் மாதிரி கிடந்தது. செக்கர் டார்ச்சை அதன் முகத்தில் அடித்துப் பார்த்தார். மீன் கண்டுகொள்ளவில்லை. அவர் மூன்றாவது வரிசைக் கம்பியைப் பிடித்து உட்கார்ந்தார். கண்டக்டர் பின்படிக்கட்டு அருகே நின்று, கயிற்றில் கட்டியிருந்த இரும்பு நட்டால் சிலிண்டரில் தட்டினார். டங், டங்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி தட்டினார். செக்கர் திரும்பிப் பார்த்தார். மாஸ்க்குக்குள் அந்தக் கண்கள் முப்பது வருஷம் பார்த்த அதே கண்கள். இருவர் வாயிலிருந்தும் போன காற்று பஸ் கூரைக்கு அடியில் பாதரசம் போலத் திரண்டு நின்றது. நிமிஷங்கள் போயின. மேலே போக இன்னும் மூன்று நிமிஷம்தான். துண்டு மடிக்கும் மேஜை கண்டக்டர் கண்ணில் தெரிந்தது. துண்டுகள் மலை மாதிரி குவிந்து கிடந்தன. ஒரு பெருமூச்சு விட்டார். அந்தக் காற்றும் மேலே போய்க் கூரையோடு சேர்ந்துகொண்டது. போனால் போகட்டும் என்று கடைசியாக ஒருமுறை. டங், டங்.

பஸ் முனகியது. பின்பக்கம் லேசாகத் தூக்கியது. பிறகு, நிறுத்தத்தை விட்டுக் கிளம்பும் எந்தப் பஸ்ஸையும் போல ஒரு குலுக்கல் குலுக்கி, முன்னோக்கிச் சரிய ஆரம்பித்தது.

செக்கர் இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிப்பிடித்தார். ஜன்னலுக்கு வெளியே பாறை பின்னால் போனது. கெளுத்தி மட்டும் நேராக முன்னால் பார்த்தபடி, வாலை ஒருமுறை இடது பக்கம் அசைத்தது. கண்டக்டர் கை தானாகவே, நிறுத்தச் சொல்லி, ஒரே ஒரு தட்டு தட்டியது. டங். முன்சக்கரம் ஒரு கல்லில் இடித்து, பஸ் நின்றது.

சேறு அடங்கியதும் செக்கர் வெளியே போனார். நேராக மேலே போவார் என்று பார்த்தால், பஸ்ஸுக்குப் பின்னால் குனிந்து, சக்கரத் தடத்தை ஒவ்வொரு முழமாக அளந்துகொண்டிருந்தார்.

கொட்டகையில் அவர் பல் கிட்டித்துப்போய், வாயைத் திறக்கவே இரண்டு தம்ளர் தேநீர் ஆயிற்று. நோட்டைக் கேட்டு வாங்கினார். எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

“அரை கிலோமீட்டர்னு எழுதியிருக்கீங்க. தப்பு. தடம் ரெண்டு துண்டா இருக்கு. முதல் துண்டு மூணு முழம். அதுமேல ஒரு வாரத்துச் சேறு படிஞ்சிருக்கு. அது போன ஞாயிறு போனது. இன்னைக்குப் போனது புதுசு. அஞ்சு முழம்.”

“மூணுன்னே போட்டுக்குங்க சம்பந்தி” என்றார் கண்டக்டர், கொஞ்சமும் பேரம் பேசாமல். அவர் வாழ்க்கையிலேயே அது முதல் முறை.

செக்கர் அரை கிலோமீட்டரை அடித்தார். மேலே மூணு முழம் என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். இன்றைய முங்கலுக்கான அடுத்த பக்கத்திலும் போட்டார். ஆக, நாலு.

டாக்டரம்மா பதறிவிட்டார். “ஐயோ, இனிமே சங்கிலி போட்டுக் கட்டுற வரைக்கும் யாரும் அந்தப் பஸ்ஸுக்குள்ள போகக் கூடாது! நாம விடுற காத்தெல்லாம் கூரைக்கு அடியில சேர்ந்து பஸ்ஸை லேசாக்கியிருக்கு. சரிவு வேற. அதான் நகர்ந்திருக்கு. மீனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இல்லையா சார்?”

செக்கர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

“எப்படி நகர்ந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க டாக்டரம்மா, கேட்டுக்கிறேன். ஆனா நான் உள்ள உக்காந்திருந்தேன். ஓட்டினது அந்தக் கெளுத்திதான்.”