காலை வரை

இருமல் மருந்து, குளியல் சோப்பு, பல்பொடி என்று ஊரில் பாதிப் பெட்டிகளின் மேல் இருக்கும் படங்கள் அவள் வரைந்தவை. தெருவில் அவளுக்கு லேபிள் அக்கா என்றே பெயர். இருபது வருடமாக அவள் கை பட்ட பெட்டி எதுவும் அலமாரியில் தூசி பிடித்ததில்லை. அப்பேர்ப்பட்டவளையும் ஒரு சிரிப்பு விளையாட்டு மண்ணைக் கவ்வ வைத்தது.

விளையாட்டைச் செய்தவன் அவளுடைய தம்பி. வேலையை விட்டுவிட்டு மூன்று வருடம் மாடி அறையில் கணினியோடு குடித்தனம் நடத்திச் செய்தான். பெயர், 'அப்பா தூங்குறார்'. ஒரு கட்டில், அதில் குறட்டை விடும் ஓர் ஆள். திடீரென்று கட்டிலுக்கு உயிர் வந்து நடக்கத் தொடங்கும். ஆள் விழித்துவிடாமல் அதைத் தெருத்தெருவாக ஓட்டிப்போய் அவருடைய வேலையிடத்தில் சேர்க்க வேண்டும். நாய் குரைக்கும், பேண்டு வாத்தியம் எதிரே வரும், ஆளுக்குத் தும்மல் வரப் பார்க்கும். ஆடிப் பார்த்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆடிப் பார்க்க முதலில் யாராவது உள்ளே வரவேண்டுமே! இணையக் கடையில் ஆயிரம் விளையாட்டுகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தபால்தலை அளவில் ஓர் அட்டைப்படம், அவ்வளவுதான். விரலால் தள்ளிக்கொண்டே போகிறவனை அது சட்டையைப் பிடித்து நிறுத்தவேண்டும். புதுவரவுகளின் முதல் வரிசையில் தம்பிக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. கடை குறித்த நாளில் பத்து மணிக்குள் அட்டைப்படம் ஏறாவிட்டால் அந்த இடம் போய்விடும், விளையாட்டு கிணற்றில் போட்ட கல்தான். தம்பி பழைய கம்பெனியின் பழைய நாற்காலிக்கே திரும்ப வேண்டியிருக்கும். அவன் சொல்லாமலே அவளுக்கு அது தெரியும். அட்டைப்படம் வரைவது அவள் பொறுப்பு.

அவர்களுக்கென்று ஒரு சோதனை இருந்தது. படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, போனைக் கை நீட்டிக் காட்டி, இரண்டு எண்ணுவதற்குள் மறைத்துவிட வேண்டும். பார்த்தவரின் உதட்டோரம் அசைந்தால் பாஸ். கீழ்வீட்டுத் தையல்காரம்மாதான் நீதிபதி.

முதல் படத்துக்குப் பன்னிரண்டு நாள் உழைத்தாள். நீல இருட்டு, நிலா, வெளிச்சம் கசியும் அறுபது ஜன்னல்கள், நடுவே மிதந்து போகும் கட்டில்.

"ரொம்ப அழகா இருக்குங்க," என்றார் தையல்காரம்மா. "தூக்க மாத்திரையா?"

இரண்டாவது படத்தில் நாய், போலீஸ், பேண்டுக்காரர்கள், பறக்கும் குடை என்று எல்லோரையும் வாயைப் பிளந்தபடி நிறுத்தினாள். தையல்காரம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஏதோ கூட்டமா இருக்கே. யாருக்காச்சும் அடிபட்டுச்சா?"

கெடுவுக்கு முந்தின நாள் காலையில் தம்பி, குறட்டைச் சத்தத்தைப் புதிதாகப் பதிவு செய்ய நண்பன் வீட்டுக்குப் போய்விட்டான். "இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?" என்று அவனுக்குச் செய்தி அனுப்பினாள். பதில் இல்லை. மதியம் பொறுமை போய், "இன்னும் என்னதான் வரையணும், சொல்லித் தொலை" என்று இன்னொன்று அனுப்பினாள். அதற்கும் மூச்சில்லை. மேசையில் தலையைச் சாய்த்தாள்.

மின்விசிறி சோம்பலாகச் சுற்றியது. திரைச்சீலை காற்றை வாங்கி உப்பியது, விட்டு வற்றியது. மேசையின் கால்கள் ஒவ்வொன்றாகத் தரையை விட்டுக் கிளம்பியதுபோல இருந்தது. மேசை அவளைச் சுமந்துகொண்டு கதவைத் தாண்டி மெதுவாக நடந்தது. போகிற வழியெல்லாம் மஞ்சள் வெயில். அது நடந்து போய் நின்ற இடம் அவர்களுடைய பழைய வீடு. அவளுக்கு ஏழு வயது, தம்பிக்கு நாலு. பள்ளிக்கூடம் விட்டு வந்த சாயங்காலம். அம்மா உதட்டில் விரலை வைத்து, "அப்பா தூங்குறார்" என்கிறாள். அப்பா ஆலை ஒன்றில் இரவுக் காவல்காரர். அவருக்குச் சாயங்காலம்தான் நடுநிசி. சிவப்புப் போர்வைக்கு வெளியே அவருடைய ஒற்றைக் கால் நீட்டிக்கொண்டிருக்கிறது. சுண்டுவிரல் கோணல். அக்காவும் தம்பியும் முழங்காலால் ஊர்ந்து போகிறார்கள், கையில் ஒரு கோழி இறகு. உள்ளங்காலில் ஒரு கோடு, பிறகு ஒரே ஓட்டம். இடி விழுந்தாலும் அப்பா எழுந்திருக்க மாட்டார்.

போன் அதிர்ந்தது. பாதித் தூக்கத்தில் எடுத்துப் பார்த்தாள். தம்பி தந்தி அடிப்பவன்போலத்தான் எப்போதும் எழுதுவான்.

"காலை வரை. அது போதும்."

சுருக்கென்றது. காலை வரைய வேண்டுமாம், அது போதுமாம்! அறுபது ஜன்னல் வேண்டாம், நிலா வேண்டாம், அக்காவின் இருபது வருட அனுபவமும் வேண்டாம். "சரிடா ராசா. கால்தானே?" என்று முணுமுணுத்தபடி தூரிகையை எடுத்தாள். கோபம் விழித்திருந்தது, கை இன்னும் கனவிலேயே இருந்தது. தாள் முழுக்க வெயில் மஞ்சள். ஓரத்தில் சிவப்புப் போர்வை. நடுவே, பார்க்கிறவன் முகத்துக்கு நேராக, ஒரு பெரிய உள்ளங்கால். கட்டைவிரல் விறைத்து நிமிர்ந்து நின்றது. அடியில் விளையாட்டின் பெயர். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

மறுநாள் எட்டு மணிக்குத் தம்பி வந்தான். படத்தைப் பார்த்ததும் அவன் முகம் தொங்கிவிட்டது.

"என்னக்கா இது?"

"நீ கேட்டதுதான்."

"நான் எப்பக்கா காலைக் கேட்டேன்?"

போனை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். மூன்று தடவை படித்தான்.

"அக்கா, நீ டைம் கேட்டிருந்தியே. நாளைக்குக் காலை வரைக்கும் இருக்கு, அந்த டைம் போதும்னு சொன்னேன்."

"வரைக்கும்னு முழுசா அடிச்சா விரல் தேஞ்சிடுமாடா?"

இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். கையில் இருந்தது இரண்டு மணி நேரம். தம்பி, "நிலாப் படத்தையே ஏத்திடலாம்க்கா. அழகாத்தானே இருக்கு," என்றான். அவள் மனசு கோணக்கூடாதே என்றுதான் அப்படிச் சொன்னான். அந்தக் கரிசனம் அவளுக்கு அழுகையைக் கொண்டுவந்தது. இவனை மூழ்கடிக்கப் போவது என் படம்தான் என்று நினைத்தாள்.

அப்போது அப்பா காப்பி டம்ளரோடு உள்ளே வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகு காலமாகிவிட்டது. தம்பியின் விளையாட்டு எதைப் பற்றி என்று அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. கொஞ்சம் கூச்சம்தான் காரணம். பழக்கதோஷத்தில் அவள் கால் படத்தைச் சுருக்கி, போனைக் கை நீட்டி, அவர் முன்னால் காட்டினாள். "ஒண்ணு, ரெண்டு."

அப்பாவுக்குக் காப்பி புரையேறியது. இருமினார், சிரித்தார், மறுபடி இருமினார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அடப்பாவிங்களா, இது என் காலாச்சே! அந்தக் கோணல் சுண்டுவிரல்! கீழ என்ன எழுதியிருக்கு?"

"அப்பா தூங்குறார்னுப்பா."

"எங்க தூங்குறேன்? தூங்குறவன் கட்டைவிரல் சாஞ்சு கிடக்கும்மா. இப்படி வெறைச்சுக்கிட்டு நிக்காது. இது சிரிப்ப அடக்குறவன் கால்."

அவள் படத்தைப் பார்த்தாள். அந்த விரலை அவள் யோசித்து வரையவில்லை. ஏழு வயதில் எப்படிக் கண்டாளோ அப்படியே வந்திருந்தது.

"அப்ப நாங்க இறகோட வந்தப்ப எல்லாம் நீங்க முழிச்சிருந்தீங்களாப்பா?" என்று கேட்டான் தம்பி.

"பின்ன? ராத்திரி முழுக்க நான் ஆலையில. பகல்ல நீங்க பள்ளிக்கூடத்துல. நடுவுல அந்த ஒரு மணி நேரம்தான் நமக்கு. நான் எழுந்து உக்காந்தா பயந்துக்கிட்டுப் புஸ்தகத்தத் தூக்குவீங்க. தூங்கினாத்தான் கிட்டயே வருவீங்க." டம்ளரை ஒரு தரம் உருட்டினார். "அதான், காலை மட்டும் வெளிய விட்டு வெச்சேன்."

பிறகு தம்பி போனை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினான். தையல்காரம்மாவின் சிரிப்பு மாடிவரை கேட்டது. "எழுப்பிடாதீங்க, அந்தாளு முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு!" என்று கத்தினார். பத்தாவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கால் படத்தைக் கடையில் ஏற்றினார்கள். மதியத்துக்குள் முன்னூறு பேர் நின்று, பார்த்து, உள்ளே வந்திருந்தார்கள். தம்பி எண்ணிக்கையைப் பார்ப்பதும் கண்ணைத் துடைப்பதுமாக இருந்தான்.

சாயங்காலம் அப்பா படுத்திருந்தார். போர்வை தலைவரை மூடியிருந்தது. ஒற்றைக் கால் மட்டும் வெளியே நீட்டியிருந்தது, கட்டைவிரல் நிமிர்ந்து நின்றது. அக்காவுக்கு வயது நாற்பத்தேழு, தம்பிக்கு நாற்பத்து நாலு. அவள் ஈரமில்லாத தூரிகை ஒன்றை எடுத்துக்கொண்டாள். இருவரும் முழங்காலில் இறங்கி ஊர்ந்து போனார்கள்.