அண்ணை நிற்கும் துறை

படகு பின்னேரம்தான் வரும் என்பது அனலைதீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சிவபாதத்துக்கும் தெரியாமல் இல்லை. ஆனாலும் மத்தியானச் சோறு தொண்டையை விட்டு இறங்கும் முன்பே அவர் சேட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் படலையடிக்குப் போவதும், கடல் பக்கம் பார்ப்பதும், திரும்பி வருவதுமாக இருந்தார். அறுபது தாண்டிய மனிதர். புகையிலைக்குத் தண்ணீர் பாய்ச்சும் அவசரத்தில்கூட அவர் இப்படி ஓடித் திரிந்ததை யாரும் கண்டதில்லை.

"இஞ்சரப்பா, நடந்து நடந்து முற்றத்திலை வாய்க்கால் வெட்டிப்போட்டியள்," என்றாள் மனைவி யோகம்மா, குசினிக்குள் இருந்தபடி. "வாறது தங்கச்சியோ, இல்லாட்டி உங்களை மாப்பிள்ளை பாக்க ஆரும் வருகினமோ?"

"உமக்கென்ன, நண்டு கிடக்கு. அதைப் பாரும்."

நண்டு, அன்ரனிதாஸ் காலையில் கடலிலிருந்து வந்த கையோடு கொண்டுவந்து தந்தது. தங்கை அம்பிகைக்கு நண்டுக் கறி என்றால் உயிர். அல்லது தொண்ணூறாம் ஆண்டு வரைக்கும் அப்படி இருந்தது. இப்போது இந்தியச் சாப்பாடு பழகிய வாய் என்ன சொல்லுமோ என்று சிவபாதத்துக்கு அதிலும் ஒரு பயம்.

தாயும் தகப்பனும் போன பிறகு அம்பிகையைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். தொண்ணூறில் சண்டை தீவுகளுக்குள் இறங்கி ஊரே வெளிக்கிட்டபோது அவளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், மூட்டையையும் கையில் கொடுத்து, "இதிலையே நில். மாடுகளை அவிட்டு விட்டிட்டு ஓடி வாறன்," என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டிப் போட்ட மாடு தண்ணீர் இல்லாமல் கட்டையிலேயே செத்துப்போகும், அதனால்தான் போனார். திரும்பி வந்தபோது கரையில் யாரும் இல்லை. அவளை ஏற்றிய வள்ளம் இராமேஸ்வரத்துக்குப் போய்விட்டது என்பது அவருக்குத் தெரியவே பல மாதம் சென்றது. பிறகு கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. அவள் அங்கே அகதி முகாமில் கல்யாணம் செய்தாள், பிள்ளைகள் பெற்றாள். எதிலும் அண்ணன் பக்கத்தில் இல்லை. அதற்குப் பிறகு சிவபாதம் வீட்டில் மாடு வளர்க்கவில்லை. பால்மாவைக் கரைத்த தேத்தண்ணி குடித்துக் குடித்து நாக்கே செத்துப்போச்சு என்று யோகம்மா எத்தனையோ முறை சண்டை பிடித்துப் பார்த்துவிட்டாள். அவர் அசையவில்லை, காரணமும் சொல்லவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் இருக்கும் மகள் வினோஜா எங்கேயோ தேடி, யார் யாரிடமோ கேட்டு மாமி அம்பிகையின் நம்பரைப் பிடித்தாள். அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் போனில் எல்லாம் பேசினார்கள். பிரஷர், சீனி, மருமக்கள், மழை, ஒன்றும் பாக்கியில்லை. அந்தக் கடற்கரையை மட்டும் இருவரும் தொடவில்லை. அவள் கோபமாக இருக்கிறாள், மரியாதைக்காகத்தான் வாய் திறக்கவில்லை என்று சிவபாதம் உள்ளுக்குள் நம்பினார். சின்ன வயதிலேயே அவள் ரோசக்காரி.

இப்போது வருகிறாள். திங்கட்கிழமை திரும்பவும் விமானம் ஏற வேண்டும். சிவபாதம் படகு வெளிக்கிடும் ஊர்காவற்றுறைக்கே போய்க் கூட்டிவரத்தான் நினைத்தார். அவள்தான் மறித்தாள்.

"வேண்டாம் அண்ணை. வினோஜா என்னை ஊர்காவற்றுறையிலை ஏத்தி விடட்டும். நீங்கள் எங்கடை துறையிலையே நில்லுங்கோ. நான் வந்து இறங்கேக்கை நீங்கள் அதிலை நிக்கிறதைப் பாக்கவேணும்."

சிவபாதம் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார். "ஒண்டுக்கும் யோசியாதை பிள்ளை," என்றார். "போட்டைத் துறையிலை கட்டின உடனை இறங்கு. நான் நிப்பன்."

வெயில் சாயத் தொடங்கியதும் அவருக்குப் பொறுக்கவில்லை. வெளிக்கிட்டார். யோகம்மாவும் நண்டுச் சட்டியை மூடிவைத்துவிட்டுப் பின்னால் ஓடிவந்தாள். தென்மேற்குச் சோளகக் காற்று பனைகளைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தது. துறையில் நின்றவர்கள், இன்றைக்குப் படகு வருமோ என்று பேசிக்கொண்டார்கள். நல்லவேளை, படகு தெரிந்தது. அலையில் ஏறி விழுந்து மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது.

மேலே நின்றவர்கள் முதலில் இறங்கினார்கள். பிறகு கோதுமை மாச் சாக்கு, காஸ் சிலிண்டர், ஒரு சைக்கிள். பெண்கள் காற்றுக்கும் தண்ணீருக்கும் பயந்து கீழறைக்குள்தான் இருப்பார்கள் என்று தெரிந்ததால் சிவபாதம் அந்த வாசலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு தலையாக மேலே வந்தது. ஒவ்வொரு தலைக்கும் அவருடைய நெஞ்சு ஒருமுறை அடித்து ஓய்ந்தது. கடைசியில் வருவதற்குத் தலை இல்லை. குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். உயிர்காப்பு அங்கிகளும் ஒரு வெறும் பிஸ்கற் பெட்டியும் கிடந்தன.

"ஆரையண்ணை தேடுறியள்?" என்றார் படகோட்டி அம்புறோஸ்.

"என்ரை தங்கச்சி. இந்தியாவிலையிருந்து வந்தவள்."

"பச்சைச் சீலை, நீலப் பையோ? அவ எழுவைதீவிலை இறங்கினவ எல்லோ!"

சிவபாதம் திரும்பி எழுவைதீவுப் பக்கம் பார்த்தார். ஊர்காவற்றுறையிலிருந்து வரும் படகு முதலில் எழுவைதீவில் கட்டி, பிறகுதான் அனலைதீவுக்கு வரும். அனலைதீவாருக்கு அது எவ்வளவு பழகிப்போனது என்றால், எழுவைதீவை ஒரு தரிப்பாகவே யாரும் எண்ணுவதில்லை. படகு அங்கே கட்டும்போது தூங்குகிறவர்கள் கண்ணைக்கூடத் திறக்க மாட்டார்கள். வழி சொல்லும்போதும் அதைச் சொல்லத் தோன்றுவதில்லை. அம்பிகை அறிந்த காலத்தில் அவர்கள் போய் வந்தது பெரியப்பாவின் வள்ளத்தில், அது எங்கும் நிற்காமல் நேரே வீட்டுத் துறைக்கு வரும். அந்தப் பிள்ளையிடம்தான் இவர், கட்டின உடனே இறங்கு என்று சொல்லியிருக்கிறார்.

"கட்டினதும் முதல் ஆளா மேலை வந்து இறங்கிப் போனா," என்றார் அம்புறோஸ். "எழுவைதீவு ஆக்களெண்டு நினைச்சிட்டன். இனித் திருப்ப ஏலாது அண்ணை, காத்தைப் பாருங்கோ. விடியத்தான்."

சிவபாதம் சேட்டுப் பையைத் தடவினார். போன் இல்லை. காலையிலிருந்து துடைத்துத் துடைத்து வைத்திருந்த போன் வீட்டு மேசையில் கிடந்தது, நம்பர்கள் எல்லாம் அதற்குள். அங்கே அது அடித்தாலும் எடுக்க ஒரு குருவி இல்லை.

"ஐயோ, அவள் போன் அடிச்சிருப்பாளப்பா," என்றாள் யோகம்மா. இப்போது அவளுடைய குரலில் பகிடி இல்லை.

சிவபாதத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளை மறுபடியும் ஒரு கரையில் நிற்க வைத்துவிட்டோம், மறுபடியும் அண்ணை வரவில்லை. வேறொன்றும் அவருடைய தலைக்குள் இல்லை. முதல் தடவை மன்னித்தாளோ இல்லையோ, இந்தத் தடவை மன்னிக்க மாட்டாள்.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த அன்ரனிதாஸ் விஷயத்தைக் கேட்டதும் எழுவைதீவில் இருக்கும் தன் மச்சாள் ஜசிந்தாவுக்குப் போன் போட்டான். எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினான்.

"ஓம், ஒரு அக்கா துறையிலை நிண்டவ," என்றாள் ஜசிந்தா. "வீட்டை வாங்கோவெண்டு கூப்பிட்டும் வரமாட்டனெண்டிட்டா. நான் தேத்தண்ணி எடுக்க வீட்டை வந்தனான். இப்ப பாக்க அங்கை ஒருத்தரையும் காணேல்லை. ஊர்காவற்றுறைக்கு ஒரு போட் வெளிக்கிட்டது. அதிலை ஏறிப்போனாவோ தெரியாது."

"தாஸ்," என்றார் சிவபாதம். கரையில் கட்டியிருந்த அவனுடைய போட்டைக் கையால் காட்டினார்.

அன்ரனிதாஸ் கடலைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "ஏறுங்கோ அண்ணை. அந்த ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு ஏறுங்கோ."

தீவில் பிறந்தவர் என்ற பெயர்தான், சின்னப் போட் என்றால் சிவபாதத்துக்கு ஆகாது. விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உயிரை அதற்குள் வைத்துக்கொண்டு இருந்தார். ஒவ்வொரு அலையும் வாளியால் அள்ளி ஊற்றுவது போல முகத்தில் ஊற்றியது. அம்மன் பெயரைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் மறந்து மறுபடி தொடங்கினார். பாதித் தூரம் தாண்டியிருக்கும், வலது பக்கத்தில் தூரத்தில் ஒரு போட் கிழக்கே ஊர்காவற்றுறைப் பக்கமாகப் போவது தெரிந்தது. அதில் ஏதோ பச்சையாக இருந்தது. சீலையோ, வலையோ, பொலித்தீனோ, அவருடைய கண்ணுக்குப் பிடிபடவில்லை.

"தாஸ்! உதுக்குப் பின்னாலை விடும்!"

அன்ரனிதாஸ் வேகத்தைக் குறைத்தான். "விடலாம். ஆனா அதைக் கலைச்சுக்கொண்டு போனால் பேந்து எழுவைதீவுத் துறைக்கு வர இருட்டிப்போடும் அண்ணை. ரெண்டும் ஏலாது. எதெண்டு நீங்களே சொல்லுங்கோ."

சிவபாதம் அந்தப் பச்சையைப் பார்த்தார். அவள் அதில் இருந்தால், இப்போது விட்டால் போனதுதான். திங்கட்கிழமை விமானம். இனி எந்த வயதில் வருவாள், எந்த வயதில் இவர் இருப்பார்? ஆனால் துறையில் நிற்பேன் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார். அவள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் போய் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

"துறைக்கே விடும்," என்றார்.

எழுவைதீவுத் துறை வெறுமையாகத்தான் கிடந்தது. கிட்ட வரவரவும் வெறுமையாகவே இருந்தது. இறங்கும்போது சிவபாதத்தின் கால் வழுக்கியது, அன்ரனிதாஸ் பிடித்துவிட்டான். காலில் ஒட்டிய ஈரச் சாரத்தோடு அவர் துறையின் நீளத்துக்கும் நடந்தார். முடிவில் ஆட்கள் ஒதுங்க ஒரு சின்ன மண்டபம் இருந்தது. அதுவும் வெறுமை. அவர் அப்படியே நின்றுவிட்டார். அழுகை வந்தது, அடக்கவும் தோன்றவில்லை.

மண்டபச் சுவருக்குப் பின்னால் இருந்து ஒரு நீலப் பையின் மூலை தெரிந்தது.

சுற்றிப் போனார். காற்றுக்கு முதுகைக் கொடுத்து, சீலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, ஒரு நரைத்த பெண் பைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்தாள். நிமிர்ந்தாள். வயது எல்லாவற்றையும் மாற்றியிருந்தது, அம்மாவின் அந்த மூக்கைத் தவிர.

"அண்ணை!"

"இது எழுவைதீவு, பிள்ளை," என்றார் சிவபாதம். இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த பேச்சில் அதுதான் முதலில் வந்தது.

"ஓம், போட் போனாப் பிறகு சொன்னவை." அவள் எழும்பி அவருடைய கையைப் பிடித்தாள். "இஞ்சை ஒரு பிள்ளையின்ரை போனிலை அடிச்சம், நீங்கள் எடுக்கேல்லை."

"மேசையிலை விட்டிட்டன். நான்தான் பிழை. ரெண்டாவது துறையெண்டு சொல்லாமல் விட்டிட்டன். எப்பவும் நான்தான், பிள்ளை. அண்டைக்கும்…"

"சும்மா இருங்கோ." அவளுடைய குரல் உடைந்தது. "இப்ப ஒரு போட்காரர் கூப்பிட்டவர். 'ஏறுங்கோ அம்மா, இருட்டப்போகுது, ஊர்காவற்றுறையிலை விடுறன்' எண்டு. அண்டைக்கும் இப்பிடித்தான் அண்ணை, ஏறு ஏறு எண்டு கையைப் பிடிச்சு இழுத்தவை. நான் பயத்திலை ஏறிப்போட்டன். 'இதிலையே நில்' எண்டு சொல்லிப்போட்டுப் போனியள். நான் நிக்கேல்லை. நீங்கள் வந்து என்னைக் காணாமல் அந்தக் கரையிலை என்ன பாடு பட்டிருப்பியள் எண்டு நினைச்சு நினைச்சு… அதுதான் இண்டைக்கு ஏறேல்லை. விடியும் வரைக்குமெண்டாலும் இருந்திருப்பன்."

பிந்தியவன் நான் என்று அவர் இங்கே அழுதுகொண்டிருக்க, நிற்காதவள் நான் என்று அவள் அங்கே அழுதிருக்கிறாள். யாரும் யாரோடும் கோபமாக இருக்கவில்லை. அந்தச் சந்தோஷம் தாங்க முடியாததாக இருந்தது. அவர் தங்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதார். போத்திலில் தேத்தண்ணியோடு வந்த ஜசிந்தாவும் என்ன ஏது என்று கேட்காமல் கூட நின்று அழுதாள்.

"அண்ணை, போட்டுக்குள்ளை இருந்தும் அழலாம்!" என்று அன்ரனிதாஸ் துறையில் நின்று கத்தினான். "இருட்டுது, வாங்கோ!"

திரும்பி வரும்போது அலை அப்படியேதான் இருந்தது, சிவபாதத்துக்குத்தான் அது தெரியவில்லை. பாதி வழியில் அம்பிகை அவருடைய காதுக்குள் கேட்டாள். "மாடுகளை அவிட்டனீங்களோ?"

"எல்லாத்தையும் அவிட்டனான். நீ வளத்த சிவப்பிதான் போகமாட்டனெண்டு என்ரை பின்னாலையே கரைப் பக்கம் வந்தது. அதைக் கலைச்சுக் கொண்டுபோய் விடத்தான் பிந்திப்போச்சு."

அம்பிகை அவருடைய தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அனலைதீவுத் துறையில் யோகம்மா ரோச் லைற்றை ஆட்டிக்கொண்டு நின்றாள். போட் தட்டியதும் அம்பிகை பையைத் தூக்கினாள். "பொறு," என்றார் சிவபாதம். "நீ இரு."

அன்ரனிதாஸின் தோளைப் பிடித்துத் தட்டுத்தடுமாறி அவர் முதலில் இறங்கினார். ஈரச் சேட்டை இழுத்து விட்டார். தலையைக் கையால் வாரினார். யோகம்மாவின் கையிலிருந்து லைற்றை வாங்கித் தன்னுடைய முகத்தில் அடித்துக்கொண்டு, துறையின் நடுவில் நேராக நின்றார்.

"இப்ப இறங்கு, பிள்ளை," என்றார்.