முதலில் ஏறிய கட்டில்

வீடு மாறுவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே அந்த வீட்டில் ஆட்சி மாறிவிட்டது. பள்ளியில் கால அட்டவணை போடும் வாத்தியார், அதாவது வீட்டுத் தலைவர், சாப்பாட்டு மேசையைக் கைப்பற்றி அதன்மேல் புது வீட்டின் வரைபடத்தை விரித்துவிட்டார். அன்றிலிருந்து மற்றவர்களுக்குச் சாப்பாடு மடியில்தான். அறைக்கு ஒரு நிறமாகக் காகித வட்டங்கள் வெட்டிப் பெட்டிகளில் ஒட்டினார், நாற்காலிகளில் ஒட்டினார், விளக்குமாற்றையும் விடவில்லை. ஒருநாள் தூங்கி எழுந்த அவர் மனைவி, தன் நெற்றியிலும் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள்.

அவளுக்கு எரிச்சலைவிட இளக்காரம்தான் அதிகம். கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளரைக் கழுவி வைத்த வரலாறு அந்த மனிதருக்குக் கிடையாது. இப்போது கரண்டிகளை எப்படி அடுக்கிக் கட்டுவது என்று அவளுக்கே பாடம் எடுத்தார். அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் அவர் கதைதான் தினசரிப் பொழுதுபோக்கு. "எங்க வீட்டுத் தளபதி இன்னிக்கு என்ன செஞ்சார் தெரியுமா?" என்று அவள் ஆரம்பித்தால் கல்லாவில் இருப்பவர்கூட எழுந்து வந்துவிடுவார்.

தளபதியின் சட்டங்களில் தலையாயது ஒன்று உண்டு: முக்கியமானது முதலில். பள்ளியிலும் அப்படித்தான். கணக்குப் பாடம் எப்போதும் முதல் பீரியட். பாட்டும் விளையாட்டும் பிள்ளைகள் கொட்டாவி விடும் நேரத்துக்கு. அதே விதிப்படி, லாரியில் முதலில் ஏற வேண்டியது வாத்தியாருடைய அப்பாவின் கட்டில் என்று முடிவாகியிருந்தது.

அது சாதாரணக் கட்டில் இல்லை. மாமனாருக்குப் பக்கவாதம் வந்த பிறகு வாங்கியது. கைப்பிடியைச் சுற்றினால் தலைமாடு உயரும். விழாமலிருக்க இரண்டு பக்கமும் கம்பி. பெரியவரால் நாற்காலியில் கொஞ்ச நேரம்தான் உட்கார முடியும். அதற்கு மேல் போனால் உடம்பு ஒரு பக்கமாகச் சரியும், இடுப்பு வலியில் முகம் வெளுத்துவிடும். பேச்சும் ஒன்றிரண்டு சொற்களோடு சுருங்கிவிட்டது. மற்ற சாமான்கள் எக்கேடு கெட்டாலும், புது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர் படுத்தாக வேண்டும்.

புது வீடு மாடியில் இருந்தது. கீழே குடியிருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக். மாடிப்படியின் ஓரத்தில் வரிசையாகப் பூந்தொட்டிகள் வைத்திருந்தார். போன வாரம் வாத்தியார் டேப்பும் கையுமாகப் போய்ப் படிக்கட்டை அளந்து, தொட்டிகள் வழியை மறிப்பதாகக் கண்டுபிடித்து, அவற்றை அகற்றும்படி ஒரு காகிதத்தில் எழுதி மெக்கானிக்கின் கதவிலேயே ஒட்டிவிட்டு வந்தார். கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். தட்டவில்லை. கூடப் போயிருந்த மனைவியும், ஜன்னலுக்குள் தெரிந்த கிழிந்த பனியனைப் பார்த்துவிட்டு, பேசுவதற்குத் தகுதியான ஆளில்லை என்று ஒதுக்கிவிட்டாள். அந்த ஒரு விஷயத்தில் தம்பதிக்குள் நல்ல ஒற்றுமை.

வீடு மாறும் நாள் வந்தது. லாரிக்காரர்கள் கட்டிலைக் கழற்றி, வண்டியின் உள்கோடியில் கொண்டுபோய் வைத்தார்கள். வாசலில் நின்ற மனைவிக்கு அப்போதே பொறி தட்டியது. முதலில் ஏறினது கடைசியில்தானே இறங்கும்? சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள்.

"நடுவுல யாரும் யோசனை சொல்ல வேணாம். எல்லாம் யோசிச்சாச்சு," என்றார் வாத்தியார், அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள். படட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று நினைத்தாள். சாயங்காலம் மருந்துக்கடைக்குப் போன் போட்டு இதை எப்படிச் சொல்வது என்றுகூட மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டாள். படப்போவது யார் என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. கடவுள் ஒரு நல்ல வார்த்தையை நாக்கின் நுனிவரை கொண்டுவந்து கொடுத்திருந்தார்; அதை அவள் விழுங்கிவிட்டாள்.

புது வீட்டு வாசலில் லாரியின் கதவைத் திறந்தார்கள். செருப்பு அலமாரி, பழைய செய்தித்தாள் கட்டு, கீறல் விட்ட மீன் தொட்டி என்று ஒன்றுக்கும் உதவாதவை எல்லாம் ராஜமரியாதையோடு இறங்கின. வாத்தியார் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், மறுபடி வண்டியைப் பார்த்தார். கட்டிலை மட்டும் முதலில் எடுக்கச் சொன்னார். பீரோவுக்கு மேல் பறந்து போய்த்தான் எடுக்க வேண்டும் என்றார் டிரைவர்.

பெரியவர் மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உடம்பு சரியத் தொடங்கியிருந்தது. மருமகள் தோளைத் தாங்கிப் பிடித்தாள். அவர் நெற்றி வேர்த்திருந்தது.

"படுக்கணும்," என்றார். சற்றுக் கழித்து இன்னொரு தடவை, கெஞ்சுவதுபோல, "படுக்கணும்மா."

படுவது யார் என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது; முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள்.

கீழ்வீட்டுக் கதவு திறந்தது. அதே கிழிந்த பனியன்.

"வழி போதுமா? இல்ல, சுவத்தையும் எடுத்துடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே மெக்கானிக் வெளியே வந்தார். பெரியவரைப் பார்த்ததும் நக்கல் நின்றுவிட்டது. "என்னம்மா இது, இவரைப் போய் இப்படி உட்கார வெச்சிருக்கீங்க? உள்ள என் கட்டில் சும்மாதான் கிடக்கு. வாங்க."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்..." என்றாள் மருமகள்.

"சிரமத்துக்கு அப்புறமா சண்டை போட்டுக்கறேன். இப்ப காலைப் பிடிங்க."

இருவருமாக உள்ளே தூக்கிப் போனார்கள். மெக்கானிக் பழைய விரிப்பை உருவிவிட்டு, துவைத்த விரிப்பு ஒன்றைப் போட்டார். சரிந்த பக்கத்துக்கு அண்டை கொடுக்கத் தலையணையை மடித்து வைத்தார். பெரியவர் காலை நீட்டி, "சரி," என்றார். கண்கள் மூடிக்கொண்டன.

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். பின்கட்டில், நிழலே இல்லாத சுவரோரம், அந்தப் பூந்தொட்டிகள் நின்றன. இலைகள் ஓரம் கருகியிருந்தன.

சாமான் எல்லாம் இறங்கி, மாடியில் கட்டிலையும் பூட்டி முடித்துவிட்டு வாத்தியார் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அப்பாவின் அறை தயார் என்றார்.

மெக்கானிக் வாயில் விரலை வைத்துக் காட்டினார். "இப்பதான் கண்ணசந்தார். உங்க திட்டத்துல தூக்கத்துக்கு இடம் இருக்கா, சார்?"

வாத்தியார் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரைக் குத்துவதற்கு மனைவிக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வார்த்தைகளும் தயாராகத்தான் இருந்தன. ஆனால் அவள் சொன்னது வேறு.

"காலையிலயே எனக்குத் தெரியும்ங்க. நீங்க அவமானப்படணும்னுதான் சும்மா இருந்துட்டேன். மாமா மாட்டிக்கிட்டார்."

வாத்தியார் கையிலிருந்த வரைபடத்தை மடித்தார்.

"சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்," என்றார்.

பிறகு பின்கட்டுக்குப் போனார். ஒரு தொட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்து படிக்கட்டோரம் வைத்தார். அவர் திரும்பிப் போவதற்குள் அவள் இரண்டாவதைத் தூக்கிவந்தாள். எல்லாம் வந்து சேர்ந்ததும் வாத்தியாரின் கை தன்னிச்சையாகச் சட்டைப்பைக்குள் போய் டேப்பை எடுத்தது.

தூங்குகிறவரை எழுப்பாத குரலில் வாசலிலிருந்து மெக்கானிக் சொன்னார்: "அளக்காம வெச்சாலும் பூக்கும், சார்."

டேப் பைக்குள் திரும்பிப் போனது. கடைசித் தொட்டி கொஞ்சம் படியை இடித்துக்கொண்டுதான் நின்றது. யாரும் அதை நகர்த்தவில்லை.