கட்டிலின் இடம்

லிஃப்ட் மெக்கானிக் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தார். எதிரே மேசைமேல் ஒரு பழைய லேப்டாப். அதன் முன்னால் பள்ளி வேன் ஓட்டும் பெண்மணி. மவுஸ் அவர் கையில். நூலகத்தின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்கானிக்கும் அவருடைய கூட்டாளியும் நடத்திவந்த பட்டறைக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான்: வந்தவர் கையிலிருந்து மவுஸை வாங்கக் கூடாது. ஆரம்ப வருடங்களில் வாங்கி வாங்கியே ஆட்களை விரட்டியிருக்கிறார்கள். 'கொடுங்க, நான் காட்டறேன்' என்று நாலு தட்டுத் தட்டி, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளை ஓடவிட்டு நிமிர்ந்தால், எதிர் நாற்காலி காலியாக இருக்கும். விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸைப் பற்றிப் பேசி யாரையும் இழுக்க முடியாது, தொட்டுப் பார்க்கவிட்டால்தான் உண்டு என்பது அவர்களுக்கு உறைக்க வெகுகாலமானது. உறைத்தபோது வருகிறவர்கள் குறைந்துபோயிருந்தார்கள்.

இன்றைக்கும் ஒருவர்கூடத் தன் கணினியில் இதைப் போட்டுக்கொண்டு போகவில்லையென்றால் கடையைக் கட்டிவிடுவது என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். மெக்கானிக்கின் உள்மனம் யாரும் வரவேண்டாம் என்றுதான் வேண்டிக்கொண்டது. வாரம் முழுக்க அந்தரத்தில் தொங்கிய உடம்பு. காலையில் பையைத் தூக்கியபோது மனைவி அடுப்பைவிட்டுத் திரும்பாமலே சொன்னாள், "வாரமெல்லாம் ஊரார் லிஃப்ட்டு, லீவு நாள்ல ஊரார் கம்ப்யூட்டரு. நம்ம வீட்டு ஃபேனுக்கு உங்க முகமே மறந்திருக்கும்." ஃபேன் நிஜமாகவே மூன்றாம் எண்ணைத் தாண்டாமல் முனகிக்கொண்டிருந்தது.

மூடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் வேன்காரம்மா துணிப்பையில் லேப்டாப்பைச் சுருட்டிக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டர் கடைக்காரர் கையை விரித்துவிட்டாராம், எடைக்குப் போடச் சொல்லிவிட்டாராம். கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் கூட்டாளி, பள்ளி நாளிலிருந்தே சோடாபுட்டி என்று பெயரெடுத்தவர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"இது கட்டற்ற மென்பொருள்ம்மா. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்குக் கொடுக்கலாம். ஒரு விதத்துல இது விடுதலை."

"விடுதலை இருக்கட்டும் தம்பி. இது ஸ்டார்ட் ஆகுமா?"

ஆனது. பேட்டரி செத்திருந்ததால் சுவரிலிருந்து வயர் இழுத்து, பென்டிரைவைச் செருகி, உள்ளே இருக்கும் பழையதைத் தொடாமல் லினக்ஸை ஓடவிட்டார்கள். வேன்காரம்மா திரையைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"உங்களுக்கு இப்போ என்ன தேவையோ அதைச் செஞ்சு பாருங்க," என்றார் மெக்கானிக்.

"எனக்குத் தேவை என்ன... நாளைக்கு மாமியாரை ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வரோம். இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆபரேஷன். இருக்கறது ஒரு ரூம். கட்டிலை எங்க போடறதுன்னு வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி, இப்போ யாரும் யார்கிட்டயும் பேசறதில்ல. இதுல வரைஞ்சு பாக்க முடியுமா?"

படம் வரையும் செயலியை எங்கே தட்டித் திறப்பது என்று சொல்லிவிட்டு மெக்கானிக் கைகளின் மேல் உட்கார்ந்தார். அறை ஒரு கட்டம், கட்டில் ஒரு கட்டம், பீரோ ஒரு கட்டம். வேன்காரம்மா முதலில் மவுஸை ஸ்டியரிங் போல இறுக்கிப் பிடித்தார். கட்டில் சுவரைத் துளைத்துக்கொண்டு தெருவுக்குப் போனது. பிறகு பிடி தளர்ந்தது. கதவு உள்பக்கம் திறக்கும், பீரோ கதவுக்கு இடம் வேண்டும், மாமியாரின் வாக்கர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே திரும்ப வேண்டும் என்று தனக்குள் முணுமுணுத்தபடி நகர்த்தினார். கட்டிலைத் திருப்பத் தெரியாமல் திணறியபோது மெக்கானிக்கின் விரல்கள் தொடைக்கு அடியில் துடித்தன. அதே கட்டத்தை வேன்காரம்மா தற்செயலாக இன்னொரு முறை தட்ட, மூலைகளில் அதைத் திருப்பும் வளைந்த அம்புகள் முளைத்தன. "அட," என்றார் வேன்காரம்மா, சத்தமில்லாமல்.

பீரோ ஜன்னலோரம் போனது. கட்டில் குறுக்கே திரும்பிக்கொண்டது. எல்லாம் அடங்கியது. அவர் நாற்காலியில் சாய்ந்து, மூச்சை விட்டு, 'அத்தை ரூம்' என்று பெயர் கொடுத்துச் சேமித்தார்.

மெக்கானிக் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பென்டிரைவிலிருந்து ஓடுவது வெறும் வெள்ளோட்டம். சேமித்தாலும் நிற்காது, அணைத்தால் எல்லாம் போய்விடும். வருகிற ஒவ்வொருவரிடமும் எடுத்த எடுப்பிலேயே சொல்லும் வாக்கியம் இது. இன்று மறந்திருந்தார். இப்போது தொண்டைவரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கினார்.

பின்னால் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த சோடாபுட்டியின் கால் வயரில் சிக்கியது. திரை இருண்டது.

மறுபடி ஓடவிட்டபோது எல்லாம் புத்தம் புதிதாக, காலியாக இருந்தது. வேன்காரம்மா கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"சேமிச்சேனே."

"சேமிச்சீங்க. இது சும்மா பாக்கறதுக்கு மட்டும்மா. இதுல எதுவும் நிக்காது. நான் முதல்லயே சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க நல்லா செஞ்சுட்டிருந்தீங்க. குறுக்க வர மனசு வரல."

வேன்காரம்மா துணிப்பையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார். "வண்டியை ரிவர்ஸ் எடுக்கறேன், பின்னால சுவரு வருது. பக்கத்துல நிக்கறவரு, ஆஹா நல்லா ஓட்டறாங்கன்னு பாத்துட்டு நிப்பாரா தம்பி?"

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மெக்கானிக்கின் கைகள் மரத்துப்போயிருந்தன. முடிந்தது என்று நினைத்தார். வீட்டுக்குப் போய் ஃபேனைக் கழற்றலாம். அந்த எண்ணம் ஆறுதலாக இருந்ததில் அவருக்கே வெட்கமாகவும் இருந்தது.

வேன்காரம்மா எழுந்திருக்கவில்லை. "நிக்கற மாதிரி போட முடியுமா?"

"முடியும். ஆனா பழசெல்லாம் அழிஞ்சிரும். போட்டோ எதாவது இருக்கா?"

"பொண்ணு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டா."

"உள்ள இருக்கற டிஸ்க்கு ரொம்ப பழசு. பாதியிலயே நின்னாலும் நிக்கலாம். நின்னா இந்த லேப்டாப் அவ்வளவுதான். இப்பவே சொல்லிடறேன்."

"இப்போ வாய் வருது பாருங்க," என்றார் வேன்காரம்மா. "எங்க அழுத்தணும்?"

அவரே அழுத்தினார். திரையின் அடியில் ஒரு நீலக் கோடு கிளம்பி, எறும்பு போல ஊர்ந்தது. உள்ளே டிஸ்க் 'டிக், டிக்' என்றது. வாசலில் நூலகர் சாவிக்கொத்தை ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"அதுக்குள்ள எது எங்கன்னு மறந்துடும்," என்று எழுந்தார் வேன்காரம்மா. "தம்பி, அந்த நாற்காலி அடுக்கு பீரோ. ஜன்னல் பக்கம் தள்ளுங்க. இந்த பெஞ்சு கட்டில். கண்ணாடித் தம்பி, நீங்க மாமியார். படுங்க."

"நானா?"

"வயரைத் தட்டினது யாரு? படுங்க. இடது பக்கம் மட்டும் திரும்பக் கூடாது, டாக்டர் சொல்லியிருக்கார்."

சோடாபுட்டி செருப்பைக் கழற்றிவிட்டுப் பெஞ்சில் மல்லாந்தார். நூலகர் சாவியை ஆட்டுவதை நிறுத்தி, உள்ளே ஓர் அடி வைத்தார். தலைமாட்டை மெக்கானிக் பிடித்துக்கொள்ள, கால்மாட்டை வேன்காரம்மா தூக்கினார். மெக்கானிக்கின் முதுகுக்குப் பின்னால் டிஸ்க்கின் சத்தம் நீண்டது, இடறியது, மறுபடி தொடர்ந்தது, இல்லை, வேறு மாதிரி கேட்டது. நாளெல்லாம் லிஃப்ட்டின் ரிலே சுவிட்சுகளைக் காதால் கேட்டே கோளாறு சொல்கிறவர் அவர். திரும்பிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. இரண்டு கைகளிலும் கட்டில் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் பின்னால வாங்க," என்றார் வேன்காரம்மா. "வாங்க. வாங்க. சுவரை நான் பாத்துக்கறேன், நீங்க வாங்க."